கோயிலைக் கட்டிய வயலையும் காட்டுவோம்

தஞ்சைப் பெரிய கோயிலில் பணிசெய்ய ராஜராஜ சோழன் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட ஆடல் மகளிர் நானூறு பேரை அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் குடியிருக்க ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கல்வெட்டு கணக்கு வைத்திருக்கிறது. நட்டுவனார், பாடுவோர், கணக்கர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் என்று கோயிலைச் சுற்றி வாழ்ந்த அத்தனை பேருக்கும் நெல்தான் ஊதியம். அதை அளந்து கொடுத்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவனின் பெயரையே வைத்திருந்தார்கள். சோழ நாட்டு ஊர்கள் பலவும் கடல் கடந்து ஈழத்து ஊர்களும் இந்தக் கோயிலுக்கு வருவாய் செலுத்தின.

1010-ல் முடிந்த அந்தக் கோயிலின் கற்கள் டெல்டாவைச் சேர்ந்தவை இல்லை. தஞ்சை வண்டல் மண்ணில் பாறை ஏது? புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைப் பகுதிகளிலிருந்து கல் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கல் வேறு மண்ணிலிருந்து வந்தது; அதை வெட்டியவர், இழுத்தவர், ஏற்றியவர், செதுக்கியவர் எல்லோருக்கும் சோறு போட்டது காவிரி. 200 அடிக்கு மேல் நிற்கும் விமானத்தின் அடியில் இருப்பது இந்த நாட்டின் உபரி நெல்.

இன்று கோயிலைப் பார்க்க வருகிற குடும்பத்துக்கு இந்த நெல் கண்ணில் படுவதில்லை. விமானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நந்தியைச் சுற்றிவருகிறார்கள், தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த கோயிலுக்குப் புறப்படுகிறார்கள். ஆறும் வாய்க்காலும் வயலும் வேன் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகின்றன. தஞ்சைச் சுற்றுலாவின் பெருங்குறை இதுதான். காலையில் வந்து இரவுக்குள் வீடு திரும்பும் சாதாரணக் குடும்பத்தை மனத்தில் வைத்து டெல்டாவின் சுற்றுலாவைத் திட்டமிட வேண்டும். அந்த ஒரு நாளுக்குள் கோயிலும், அதை வாழவைத்த ஆறும், வயலும் ஒரே கதையாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

யார் வருகிறார்கள்?

சுற்றுலாத் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம் வெளிநாட்டுப் பயணியும் நட்சத்திர விடுதியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தஞ்சையின் தெருக்களில் நிற்பவர்கள் வேறு. புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், திண்டுக்கல் பக்கங்களிலிருந்து வேன் பேசி வருகிற மூன்று தலைமுறைக் குடும்பங்கள். பள்ளிப் பேருந்தில் வருகிற பிள்ளைகள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாறுக்கும் போகிற வழியில் இறங்குகிறவர்கள். மகளிர் குழுவில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வருகிற பெண்கள். புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குச்சட்டியில் வருகின்றன. தாத்தாவுக்கு முழங்கால் வலி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், பத்து வயதுப் பையனுக்கு ஓடவேண்டும். இவர்கள் தங்கும் விடுதிக் கணக்கில் வருவதில்லை. அதனால் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

இவர்களுடைய நாளைப் பாருங்கள். பள்ளி விடுமுறை மே மாதத்தில். வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாட்களில்தான் கூட்டமும் அதிகம். வழியில் சாப்பிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். பரந்த கல் தளம் கொதிக்கும். விரித்துப் போட்ட நார்ப் பாயின் மேல் வரிசையாக ஓடி, மீதித் தூரத்தைக் குதித்துக் கடந்து நிழலுக்கு வந்தால், சற்று நேரத்தில் நடை சாத்தும் பொழுது. அடுத்த கோயில் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தைக் குடும்பம் எங்கே கழிக்கும்? வேனின் நிழலில், சாலையோரத்தில், பேருந்து நிலையத்தில்.

பெண்களின் நாள் இதைவிடக் கடினம். கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. கொளுத்தும் வெயிலில் தாகத்தை அடக்கிக்கொண்டு ஒரு பெண் உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சின்னத்துக்கு நாம் செய்யும் மரியாதை போதாது.

ஆற்றின் நாட்காட்டி

டெல்டாவுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு, ஜூன் 12 அதன் முதல் தேதி. அணையில் திறக்கும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணையை எட்டும். அங்கே மதகைத் திறந்து, பூவும் விதைநெல்லும் தூவி, தண்ணீரை வரவேற்பார்கள். ஆடிப்பெருக்கில் படித்துறை நிறையும். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பா, தாளடி நடவு. தையில் சம்பா முற்றிப் பொன்னாகும். அறுவடைக்கு முன்பே ஈரத்தில் விதைத்த உளுந்தும் பயறும் மாசி, பங்குனியில் பச்சையாக நிற்கும். சித்திரை, வைகாசியில் மண் வெடித்துக் கிடக்கும். ஆறு வெறும் மணல்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தச் சித்திரை, வைகாசியில்தான் வருகின்றன. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளை வந்து பார்ப்பது காய்ந்த கட்டாந்தரையை. அதே பிள்ளைக்குக் காலாண்டு விடுமுறை புரட்டாசியில் வருகிறது. அரையாண்டு விடுமுறை மார்கழியில். இரண்டும் டெல்டா பச்சைகட்டி நிற்கும் காலம், வெயிலும் தணிந்திருக்கும். பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவையாவது இந்த இரு விடுமுறைகளை ஒட்டி வைக்கலாம். ‘இப்போது கல்லணையில் தண்ணீர் இருக்கிறது, இப்போது நடவு நடக்கிறது, வடுவூரில் பறவை இறங்கிவிட்டது’ என்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து அறிவித்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு ஆண்டுக்கு ஆண்டு புதிதாக எழுதப்பட வேண்டும். 2022-ல் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. 2024-ல் ஜூன் 12 கடந்துபோய் ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் வந்தது. ஆற்றின் போக்கை அறியாத சுற்றுலா அட்டவணை டெல்டாவில் பொய்த்துப்போகும்.

ஒரு நாளில் எதைக் காட்டலாம்?

விடியற்காலையில் கல்லணையில் தொடங்குவது நல்லது. கரிகாலன் பெயரால் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கும் அணை. மணலில் பெரும் பாறைகளை இறக்கி, அவை அமிழ அமிழ மேலே அடுக்கி, களிமண்ணால் பிணைத்து எழுப்பிய அடித்தளம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதை ஆராய்ந்துதான் ஆற்று மணலில் அணை கட்டும் வித்தையைப் புரிந்துகொண்டார். 1836-ல் மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் அவர் அணைகள் எழுப்பினார்; பின்னர் கோதாவரியிலும் அந்த அறிவு பயன்பட்டது. கல்லணையின் பாலத்தில் நின்றால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிவதை ஒரே பார்வையில் காணலாம். வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்கு, பாசனத்துக்கு மற்ற மூன்றும். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் ஏற்பாடு. புரியவைக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் காவிரிக் கரையோடு வந்தால் திருவையாறு. தியாகராஜர் 1847-ல் மறைந்த ஊர். அவருடைய சமாதிக்குக் கோயில் எடுக்கத் தன் சொத்தைச் செலவிட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மா. பெண்கள் அங்கே பாட இடமில்லாதிருந்த காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவர்தான். ஐந்து ஆறுகளைப் பெயரில் தாங்கிய ஊரில் படித்துறையில் கால் நனைத்துவிட்டு, அசோகா அல்வா ஒரு கை தின்றுவிட்டுக் கிளம்பினால், தஞ்சை பக்கத்தில்தான்.

நண்பகலுக்கு உரிய இடம் கோயில் முற்றம் அல்ல, அரண்மனை. கூரைக்குக் கீழே பார்க்க அங்கே அவ்வளவு இருக்கிறது: 1951-ல் தொடங்கிய கலைக்கூடத்தின் சோழர் செப்புத் திருமேனிகள்; நாயக்கர் காலத்தில் உருவாகி இரண்டாம் சரபோஜி மன்னரால் செழித்த சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம்; தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு. கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த விவரத்தைப் படத்தோடு பதிந்துவைத்த மன்னர் சரபோஜி. இதையெல்லாம் கேட்டால் குழந்தைகள் வாய்பிளந்து நிற்பார்கள். பகல் வெயில் இறங்கிய பிறகு, மாலை நான்கரை மணிக்குப் பெரிய கோயில். தளம் சுடாது, சிற்பத்தின் மேல் ஒளி சாய்ந்து விழும், கல்வெட்டு எழுத்து தெளிவாக எழும். காலையிலிருந்து ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு வந்த குடும்பத்துக்கு, ‘100 கலம் நெல்’ என்ற கல்வெட்டு வரி அப்போது பொருள் தரும்.

இன்னொரு நாளுக்குக் கும்பகோணம் பக்கம். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்தது. பெரிய கோயில் 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர, இதுவும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-ல் சேர்ந்தன. நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக இங்கே வரிசையாக உள்ளன. பெரியபுராணம் தெரிந்த பாட்டி ஒருவர் உடன் வந்தால் அவரே வழிகாட்டி. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில் சிலை செய்வதைப் பார்க்கலாம். மெழுகுப் பாவையை மூடும் மண் காவிரியின் வண்டல். நெல் விளைவித்த அதே மண், நடராஜரையும் வார்த்தெடுத்தது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஏடிடி 36, ஏடிடி 43 என்று நாம் அரிசி மூட்டையில் பார்க்கும் ‘ஏடிடி’ இந்த ஊரின் பெயர்தான். வடக்கே போனால் அணைக்கரையில் காட்டனின் கீழணை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணீர் 2004 முதல் சென்னையின் குழாய்களுக்கும் வருகிறது. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கக் கிளம்பிய சென்னைக் குடும்பம், தான் வீட்டில் குடிக்கும் தண்ணீரின் மதகைத் தாண்டித்தான் போகிறது. யாராவது அதைச் சொன்னால் அந்தப் பயணமே வேறாகிவிடும்.

மூன்றாவது நாள் கடல் பக்கம். வடுவூர் ஏரி காவிரித் தண்ணீரில் நிறையும் பாசன ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாகி 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகை முதல் மாசி வரை அங்கே பறவைகளின் காலம். அங்கிருந்து மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் வீடுகளையும் சாய்த்தபோது, கடற்கரையில் இந்த மரங்களின் மதிப்பை மக்கள் கண்ணால் கண்டார்கள். மேற்கே சரபோஜி 1814-ல் எழுப்பிய மனோரா கோட்டை. அதன் எதிரே உள்ள பாக் நீரிணைக் கடலை 2022-ல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, 448 சதுர கிலோமீட்டர். குடகில் பிறந்த ஆறு கடைமடையில் என்ன ஆகிறது என்று பிள்ளைகள் இங்கே பார்க்கலாம்.

உண்மைக் கதையே பெரியது

இவ்வளவு இருக்க, பெரிய கோயிலில் ஒரு குடும்பத்தின் காதில் விழுவது என்ன? விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே இருந்தது, ஆணி அடித்து நிறுத்தினார்கள். காலையிலும் மாலையிலும் விமானத்தின் நிழல் தரையில் நீண்டு விழுவதை யாரும் பார்க்கலாம். உச்சிக் கல் பல துண்டுகளால் ஆனது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜனின் கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதற்கு? உண்மையில் நடந்தது இவற்றைவிட வியப்பானது. தன் அக்கா குந்தவையும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னன். விளக்கு ஒன்று அணையாமல் எரிய 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் நெய் அளக்கச் செய்த ஏற்பாடு. மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 வடித்த நிலையில் நின்றுபோன சிற்ப வரிசை. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து, 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள்.

இந்த ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காக அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான். அவற்றின் முழு அளவுப் படிகளை நல்ல வெளிச்சத்தில் காட்டும் பெரிய கூடம் ஒன்று வேண்டும். 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தஞ்சாவூரில் சோழர் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அது வாளும் கிரீடமும் காட்டும் இடமாகச் சுருங்கிவிடக் கூடாது. மரக்கால், ஏற்றம், மதகு, ஏரி வாரியம், நிலம் அளந்த கோல், ஊதியக் கணக்கு ஆகியவற்றுக்கு அங்கே முதல் கூடம் வேண்டும்.

கதை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இதே ஊரில் கல்வெட்டியல் கற்பிக்கிறது. அங்கே படித்த இளைஞர்களுக்கு உரிமம் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று எளிய கட்டணம் வைத்து, மணிக்கு ஒருமுறை தமிழில் கோயிலைச் சுற்றிக்காட்டச் செய்யலாம். படித்தவருக்கு வேலை, வந்தவருக்கு உண்மை.

ஆறு ஆளைக் கொல்லக் கூடாது

ஆற்றைக் காட்டுங்கள் என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2022 அக்டோபரில் தூத்துக்குடிப் பகுதியிலிருந்து பூண்டி மாதா பேராலயத்துக்கு வந்த குழுவில் ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார்கள். குடும்பத்தோடு மகிழ்ந்திருக்க வந்த இடத்திலிருந்து சடலங்கள் ஊர் திரும்பின. இதுபோன்ற செய்தி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. வெளியூர்க்காரருக்கு ஆற்றின் குணம் தெரியாது. மேலே மழை பெய்தாலோ மதகு திறந்தாலோ நீர் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று தெரியாது. மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. இடுப்பளவு நீரில் நிற்பவர் அடுத்த அடியில் ஆழத்துக்குப் போய்விடுகிறார்.

‘குளிக்காதீர்’ என்ற பலகையோடு கடமை முடிந்துவிடாது. பயணிகள் இறங்கும் படித்துறைகளில் ஆழம் அளந்து, கயிறோ சங்கிலியோ கட்டி, பாதுகாப்பான இடத்தை அடையாளமிட வேண்டும். விடுமுறை நாட்களில் நீச்சல் தெரிந்த உள்ளூர் இளைஞர்களைக் கூலி கொடுத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும். மீன்பிடிப்பவர்களும் பரிசல்காரர்களும் ஆற்றை அறிந்தவர்கள். அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

சின்னச் செலவு, பெரிய பயன்

அரசால் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களுக்கும் அழைத்துச் சென்று திரும்பும் பேருந்தை 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் 750 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கியது. சொந்த வண்டி இல்லாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதே முறையில் ‘கல்லணை–திருவையாறு–தஞ்சை’ என்று ஒரு நீர்ப்பாதைப் பேருந்து, ‘தாராசுரம்–சுவாமிமலை–அணைக்கரை–கங்கைகொண்ட சோழபுரம்’ என்று இன்னொன்று, பறவைக் காலத்தில் வடுவூருக்கும் முத்துப்பேட்டைக்கும் ஒன்று என விடத் தடை என்ன?

2021 மே மாதம் தொடங்கி நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போக அது உதவியது போலவே, வெளியே போய் ஓர் இடத்தைப் பார்த்து வரவும் உதவும். டெல்டாவின் விவசாயக் கூலிப் பெண்களில் எத்தனையோ பேர் பக்கத்து ஊர்க் கோயிலைத் தாண்டிப் போனதில்லை. தஞ்சை அரண்மனைக்கும் திருவையாற்றுப் படித்துறைக்கும் நகரப் பேருந்து போகும் நேரங்களை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டினால், அது அவர்களுக்குமான சுற்றுலாவாகிவிடும்.

மற்றவை எல்லோரும் அறிந்த தேவைகள்தாம்: வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வாசல் வரை மரநிழல், சுத்தமான கழிப்பறை, அதைக் காட்டும் பலகை, அதைக் கழுவுகிறவருக்கு முறையான ஊதியம், குடிநீர்க் குழாய், பாலூட்டும் அறை, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட மேற்கூரையுள்ள திண்ணை, சக்கர நாற்காலி. மராட்டிய, நாயக்க மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டிய நாடு இது. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் போன்றவை பயணிக்குச் சோறும் இடமும் தந்தன. பயணி களைப்பாக வருவார், பசியோடு வருவார் என்று தெரிந்து முதலில் அதற்கு ஏற்பாடு செய்த பண்பாட்டின் வாரிசுகள் நாம். பழைய சத்திரங்களில் நிற்பவற்றைப் பழுதுபார்த்துப் பகல் தங்குமிடமாக்கினால் பாரம்பரியமும் பிழைக்கும், பயணியும் பிழைப்பார்.

பிரமாண்டச் சிலையும் ஒளி-ஒலிக் காட்சியும் பொழுதுபோக்குப் பூங்காவும்தான் கூட்டம் சேர்க்கும், ஊருக்கு வருமானம் தரும் என்று ஒரு வாதம் உண்டு. தஞ்சைக்குக் கூட்டம் சேர்க்க யாரும் பாடுபடத் தேவையில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022-ல் வந்தபோது எத்தனை புதிய முகங்கள் வந்தன என்று ஊருக்குத் தெரியும். வந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவதுதான் சிக்கல். இரண்டு மணி நேரத்தை ஒரு முழு நாளாக்கினால் டீக்கடைக்கும், பூக்காரிக்கும், ஆட்டோக்காரருக்கும், பொம்மை செய்பவருக்கும், நெட்டி வேலைக்காரருக்கும், திருபுவனம் நெசவாளிக்கும் வருமானம் பரவும்.

விவசாயியின் பங்கு

வயலைக் காட்டும் சுற்றுலாவில் விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது நியாயம். சேற்றில் குனிந்து நடவு நடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போவது சுற்றுலா ஆகாது. அவர்களுடைய உழைப்பு வேடிக்கைப் பொருள் இல்லை. ஊராட்சியும் விவசாயிகள் குழுவும் அழைத்து, அவர்களே நேரமும் கட்டணமும் குறித்து, அந்தப் பணம் அவர்கள் கைக்கே போகும் ஏற்பாடு வேண்டும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் தொடங்கி வளர்த்த பாரம்பரிய நெல் திருவிழா ஒரு நல்ல முன்மாதிரி. 2018-ல் அவர் மறைந்தார். அவர் மீட்டெடுத்த மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று நகரத்துச் சமையலறை வரை வந்துவிட்டன. நெல்லை விளைவித்தவரிடமிருந்தே ஒரு பை அரிசி வாங்கிக்கொண்டு குடும்பம் வீடு திரும்பினால், இடைத்தரகு இல்லாமல் விவசாயிக்கு வருமானம்.

அறுவடை நாட்களில் டெல்டாவின் சாலைகளில் நெல் காய்வதைப் பயணிகள் பார்ப்பார்கள். களம் போதாததால், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள் என்பதால், விவசாயி உயிரைப் பணயம் வைத்துத் தார்ச்சாலையில் நெல்லைக் கிளறுகிறார். சுற்றுலாவுக்காகச் சாலையை அகலப்படுத்தும் அதே திட்டத்தில் ஊர்தோறும் உலர்களமும் சேர வேண்டும். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-ல் வந்தது. அந்தச் சட்டத்தின் உயிர், வயல் வயலாகவே இருப்பதில் இருக்கிறது. விடுதிக்காகவும் மனைக்காகவும் வாய்க்காலைத் தூர்த்துவிட்டால், காட்டுவதற்கு என்ன மிஞ்சும்?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ‘சுபக்’ என்ற பாசன முறையை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. நீர்க் கோயில், வாய்க்கால், நெல்வயல், அவற்றை நிர்வகிக்கும் உழவர் கூட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே நிலப்பரப்பாக அது பட்டியலில் நிற்கிறது. பக்கத்திலேயே கேரளத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் குட்டநாட்டை 2013-ல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் நம் பகுதியிலிருந்து மூன்று சோழர் கோயில்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போட்ட கல்லணையும் ஆறுகளும் வயல்களும் இல்லை. இவற்றைச் சேர்த்து ஒரே பண்பாட்டு நிலப்பரப்பாக முன்வைக்கும் பணியை மாநில அரசு தொடங்க வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் நீர்வளத் துறைப் பொறியாளர்களும் விவசாயச் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் அதற்கான ஆவணம் தயாராகிவிடும்.

2028 ஒரு கெடு

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த நாளில் லட்சக்கணக்கானோர் டெல்டாவுக்குள் வருவார்கள். 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளக்கரையில் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. 2016-ல் திட்டமிட்டுச் செய்தபோது விழா அமைதியாக நடந்தது. 2028-க்காக எப்படியும் சாலை, கழிப்பறை, குடிநீர், பேருந்து, படித்துறைக்கென்று நிதி ஒதுக்கப்படும். அந்தப் பணம் ஒரு வாரக் கூட்டத்துக்கான தகரக் கொட்டகையாகக் கரைந்துபோகாமல், ஆண்டு முழுதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிற குடும்பத்துக்கு நிலைத்து நிற்கும் வசதியாக வேண்டும். இப்போது நடும் மரம் அதற்குள் ஆள் நிற்க நிழல் கொடுக்கத் தொடங்கிவிடும். இப்போது பயிற்சி தொடங்கும் வழிகாட்டிகள் அதற்குள் தேர்ந்துவிடுவார்கள். படித்துறைகளில் ஆழம் அளக்க ஒரு கோடைக்காலம் போதும்.

தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்கள் தனித்தனியே தங்கள் எல்லைக்குள் திட்டம் போடுவதை விட்டு, அரியலூரையும் திருச்சியையும் சேர்த்துக்கொண்டு ஒரே டெல்டாத் திட்டமாக இதை வகுக்க வேண்டும். காவிரி மாவட்ட எல்லை பார்த்து ஓடவில்லை. அந்தத் திட்டம் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரே சோதனை போதும்: பெரம்பலூரிலிருந்து ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் ஒரு நாள் பேருந்தில் வந்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, வெயில் படாமல் அமர்ந்து, கோயிலையும் கல்லணையையும் பார்த்து, இரவு பத்திரமாக வீடு சேர முடிகிறதா? அவர்களால் முடிந்தால் உலகின் எந்த மூலையிலிருந்து வருபவராலும் முடியும். சுற்றுலாத் துறை தன் வெற்றியை அந்தத் தாயை வைத்தே அளக்கட்டும்.